பானைமேல் போட்ட கோடுகளைப் பாட முடியுமா? ஷிபிபோ-கொனிபோ மண்பாண்டம் பற்றி ஒரு வாதம்

ஓட்டுச்சில்லு:

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு காணொளி வந்தது. நெளிநெளியாகக் கோடு போட்ட துணியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஒரு பெண் பாடுகிறார். அடியில் இப்படி எழுதியிருந்தது: ‘அமேசான் காட்டில் ஒரு இனம் பானையிலும் துணியிலும் இசையை எழுதி வைக்கிறது. கோட்டைப் பார்த்தால் பாட்டு வரும்.’ இதே வாசகத்தை இதற்கு முன்பும் நாலைந்து இடங்களில் பார்த்துவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை. அதனால் இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

அந்த இனம் ஷிபிபோ-கொனிபோ. பெரு நாட்டின் கிழக்கில் உகயாலி ஆற்றை ஒட்டி வாழ்பவர்கள். புகால்பா நகரமும் அதை அடுத்த யாரினாகோச்சா ஏரிக்கரையும்தான் இன்று அவர்களுடைய நடமாட்டத்துக்கு நடுவிடம். 2017 கணக்கெடுப்பில் 25,000 பேருக்கு மேல் தங்களை இந்த இனம் என்று பதிந்தார்கள். அவர்கள் போடும் கோட்டு வேலைக்குக் ‘கெனே’ என்று பெயர். 2008 ஏப்ரலில் பெரு அரசு கெனேயைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

இனி என் தரப்பு. அந்த வாசகம் தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம், அதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. ஷிபிபோ பானை என்பது இசை எழுதும் காகிதம் இல்லை. ‘சோமோ’ என்றால் மரவள்ளிக் கள்ளைப் புளிக்க வைக்கும் சாடி. ‘கென்போ’ என்றால் அதை மொண்டு குடிக்கும் கிண்ணம். ‘கென்டி’ சமைக்கும் பானை, அதில் கோடு கிடையாது. ஹோனி சோமோ என்று மனித முகம் வைத்த சாடியும் உண்டு. இவை எல்லாம் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே கட்டியவை. அளவுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: பெரியது ‘அனி’, நடுத்தரம் ‘அனிதாமா’, சிறியது ‘வாக்கு’. எவ்வளவு கள் கொள்ளும், எத்தனை பேருக்குக் காணும் என்று பார்த்துச் செய்த பாத்திரங்கள். ‘கோட்டில் பாட்டு இருக்கிறது’ என்ற ஒரு வரியில் மண்ணும் போச்சு, கள்ளும் போச்சு, செய்தவளும் போய்விட்டாள்.

யாழினி:

நான் இசை சொல்லிக்கொடுப்பவள். இந்தத் திரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘தவறு’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். இந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் பிறந்தது அல்ல. அங்கேலிகா கெப்ஹார்ட்-சேயர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கொனிபோ ஊர்களில் இருந்து, கேட்டு, 1985-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிகிச்சைக்காரர், காட்சிகள் வரவழைக்கும் அயாவாஸ்கா என்ற கொடிக் கஷாயத்தைக் குடித்த இரவில் கோலங்களைக் காண்கிறார், அவை அவர் வாயில் பாட்டாக வருகின்றன, அந்தப் பாட்டு மறுபடி கோலமாக நோயாளியின் உடம்பில் படிகிறது என்று கெப்ஹார்ட்-சேயரிடம் சொன்னார்கள். பானையைப் பற்றியே ஒரு செய்தி அதில் உண்டு. பெரிய சாடியை நடுவில் வைத்து எதிரெதிராக இரண்டு பெண்கள் உட்காருவார்களாம். ஒருத்தி வரைவது மற்றவளுக்குத் தெரியாது. பாட்டால் மனசை ஒன்றாக்கிக்கொண்டு வரைவார்களாம். முடிவில் இரு பக்கக் கோடும் வந்து பொருந்துமாம்.

இது எனக்குப் புரிகிற விஷயம். இருபது பேர் சேர்ந்து பாடும்போது அடுத்தவர் முகத்தைப் பார்க்காமலே எடுப்பும் முடிப்பும் ஒன்றாக விழும். காதால் சேர்வது கையிலும் வரும்.

இன்று அந்தப் பெண்களே ‘நான் என் கோட்டைப் பாடுகிறேன்’ என்று சொல்கிறார்கள். தலைநகர் லிமாவில் சுவரோவியம் வரையும் ஒலிந்தா சில்வானோ போன்றவர்கள் ஊரறிய வரைகிறார்கள், ஊரறியப் பாடுகிறார்கள். அவர்கள் வாயால் சொல்வதை நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து தவறு என்று எப்படிச் சொல்வது?

ஓட்டுச்சில்லு:

> அவர்கள் வாயால் சொல்வதை நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து தவறு என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி, யாழினி. நான் சொல்வதும் ஒரு ஷிபிபோ பெண்ணின் எழுத்தை வைத்துத்தான். லைதா மோரி சில்வானோ என்ற ஷிபிபோ பெண்ணும், இசை ஆய்வாளர் பெர்ண்ட் பிரபெக் தெ மோரியும் சேர்ந்து 2009-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். கோட்டைப் பார்த்துப் பாட்டை வாசிக்கும் முறை என்று பழைய வழக்கத்தில் ஒன்று இல்லை, அந்தப் பேச்சு ஆய்வாளர்களும் பயணிகளும் வந்து கேட்கக் கேட்க வளர்ந்தது என்பது அவர்கள் வாதம். சிகிச்சைப் பாட்டில் ‘கெனே’ என்ற சொல் அடிக்கடி வரும். உடம்பைச் சீராக்குகிறேன், அழகாக்குகிறேன் என்பதற்கு அது உவமை. உவமையை இசைக் குறிப்பு ஆக்கிவிட்டார்கள் வெளியில் இருந்து வந்தவர்கள்.

இன்னொன்று. கெனே பெண்கள் கைவேலை. அயாவாஸ்கா குடித்துப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வரைபவளுக்குக் கோலம் எங்கிருந்து வருகிறது? சிறுமியாக இருக்கும்போதே ‘பிரிபிரி’ என்ற கோரைச் செடியின் சாற்றைத் தாயோ பாட்டியோ கண்ணில் விடுவார்கள். அதன் பிறகு கோலம் உள்ளுக்குள் தெரியும் என்று நம்பிக்கை. பாட்டி கண்ணில் விட்ட சாறு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வருஷங்கள். இந்தப் பெண்வழியை அப்படியே தூக்கி வைத்துவிட்டு, ஒரு ஆணின் இரவுக் காட்சியிலிருந்து எல்லாம் வந்தது என்று சொல்லும்போது யார் காணாமல் போகிறார்கள் என்று யோசியுங்கள்.

அரசே இரண்டையும் தனித்தனியாகத்தான் அறிவித்தது. கெனே 2008 ஏப்ரலில். அயாவாஸ்கா சார்ந்த மரபறிவு அதே ஆண்டு ஜூனில்.

காலமும் இடிக்கிறது. இன்று காணும் அயாவாஸ்காச் சடங்கு முறை கடந்த மூன்று நூற்றாண்டுகளில், பாதிரிமார்கள் உண்டாக்கிய குடியிருப்புகளை ஒட்டி உருவாகிப் பரவியது என்று பீட்டர் கோ என்ற மானிடவியலாளர் 1994-ல் வாதாடினார். பானையோ அதைவிட மிகப் பழையது. டொனால்ட் லாத்ராப் என்ற தொல்லியலாளர் 1950-களில் யாரினாகோச்சாக் கரையில் தோண்டத் தொடங்கினார். உகயாலிக் கரையின் குமன்காயா என்ற இடத்து மண்பாண்டங்களை ஷிபிபோ மரபின் முன்னோடி என்றார் அவர். அவை ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை.

களிமண்கை:

இருவரும் கோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கோடு விழுவதற்கு முன்னால் அங்கே ஒரு பானை இருக்கிறது! நான் பதினாறு வருஷமாக மண் வேலை செய்கிறேன். சக்கரத்தில்தான் பழக்கம். ஷிபிபோ சாடி ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, அதேபோல மண்ணைத் திரியாக உருட்டிக் கட்டிப் பார்ப்போம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க முயன்றேன். இடுப்பு உயரம் வேண்டும் என்று ஆசை. முழங்கால் உயரம் தாண்டுவதற்குள் மூன்று முறை வயிறு சரிந்து உட்கார்ந்துவிட்டது. நான்காவது நின்றது. சுடும்போது அடியிலிருந்து கழுத்துவரை ஒரே பிளவு.

அப்போதுதான் வாரன் டிபோர் என்ற தொல்லியலாளரும் லாத்ராப்பும் 1979-ல் எழுதியதைத் தேடிப் படித்தேன். ஷிபிபோ-கொனிபோ பானை எப்படி உருவாகிறது, எப்படி உடைகிறது என்பதே அந்தக் கட்டுரையின் பொருள். தொல்லியல் ஆட்கள் வழக்கமாக ஓட்டுச் சில்லை மட்டும் பார்த்துக் கதை கட்டுவார்கள். இவர்கள் உயிரோடிருக்கும் பெண்களின் வீட்டில் உட்கார்ந்து, எந்தப் பானை எத்தனை நாள் வாழ்கிறது என்று கணக்கெடுத்தார்கள். அன்றாடம் கைபடும் சமையல் பானையும் கிண்ணமும் சீக்கிரம் போகும். ஓரிடத்தில் நிற்கும் பெரிய சாடி நெடுநாள் நிற்கும். சமையலறை தெரிந்த எவருக்கும் இது புரியும்.

நான் தோற்ற இடம் கலவை. வெறும் களிமண்ணைத் தடிமனாகக் கட்டினால் காயும்போது சுருங்கும், தீயில் வெடிக்கும். எல்லா ஊர்க் குயவர்களும் எதையாவது கலப்பார்கள்: மணல், உமி, சாணம். ஷிபிபோ பெண்கள் கலப்பது ‘கராய்ப்பே’, ஒரு மரப்பட்டையின் சாம்பல். லிகானியா இனத்து மரம் அது. அந்தப் பட்டையின் உயிரணுக்களுக்குள்ளேயே, மணலில் இருக்கும் அதே சிலிக்கா தங்கியிருக்கிறது. எரித்து இடித்துச் சலித்தால் மணலின் பலம் கிடைக்கும், மணலின் எடை கிடையாது. உகயாலி போன்ற வண்டல் ஆற்றங்கரையில் குயவருக்கு வேண்டிய பருமணலுக்கு எங்கே போவது? மரத்துக்குள் இருந்து மணலை எடுத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த பாட்டியை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. அதோடு உடைந்த பழைய பானையை இடித்த தூளும் சேரும். ஆக, புதுப் பானைக்குள் பழைய பானை இருக்கிறது. சமையல் பானைக்குக் கலவை கரடுமுரடாக இருக்கும், குடிக்கும் கிண்ணத்துக்கு நைசாக.

பிறகு மண்ணைத் திரியாக உருட்டி வளையத்தின் மேல் வளையம். சுரைக்குடுக்கை ஓட்டால் உள்ளும் புறமும் வழித்து வழித்துச் சுவரை மெலிதாக்குவார்கள். பெரிய சாடி என்றால் அடிப்பகுதி இறுகும்வரை காத்திருந்துதான் மேலே ஏற வேண்டும். என் மூன்று சாடிகளும் சரிந்தது அந்தப் பொறுமை இல்லாததால்தான். கூழாங்கல்லால் தேய்த்து மெருகு. மேலே வெள்ளை மண் கரைசல். இந்த வெள்ளை எல்லா ஊரிலும் அகப்படாது, தூரத்திலிருந்து வர வேண்டும். அதன் மேல்தான் நீங்கள் சண்டை போடும் கோடு: முதலில் தடித்த கோடு, அதை ஒட்டி மெல்லிய கோடு, பிறகு இடைவெளியை நிரப்பும் நுணுக்கம். தூரிகை அவர்கள் தலைமுடியாலேயே கட்டியது. கீழே மாதிரி வரைந்துகொள்வதில்லை, அழிப்பதும் இல்லை.

சூளை கிடையாது. சாடியை முட்டுக்கொடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுற்றிலும் விறகு. மெல்லிய கிண்ணத்தில் தீ நேராகப் படாமல் இருக்க, அடி போன பெரிய பானை ஒன்றுக்குள் வைத்துச் சுடுவார்கள். வெந்து எடுத்த சூட்டோடு ‘யோமோஷோ’ என்ற மரப்பிசினைத் தேய்த்தால் உருகிப் படிந்து கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

இத்தனைக்கும் பிறகு அதில் பாட்டும் இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

கருவேலன்:

ஒரு சந்தேகம். அருங்காட்சியகப் படங்களில் பெரிய சாடிகளைப் பார்த்தால் மேல் பாதியில் மட்டும் கோடு நெருக்கமாக இருக்கிறது. கீழ்ப்பாதி மொட்டை. முடிக்காமல் விட்டதா?

களிமண்கை:

இல்லை தம்பி, முடித்ததுதான். சாடியின் அடி குறுகலாக இருப்பதைப் பார்த்தீர்களா? தரையில் குழித்து வைத்தால்தான் நிற்கும். மண்ணுக்குள் போகிற இடத்தில் யார் கோடு போடுவார்கள்? தரைக்கு மேல் கண்ணில் படுவது தோளும் கழுத்தும்தான். கிண்ணத்தில் கோடு வெளிப்பக்கம். குடிப்பவர் முகத்துக்கு நேரே தூக்கும்போது எதிரில் இருப்பவர் பார்ப்பார். பானை எங்கே நிற்கும், யார் கையில் இருக்கும் என்று தெரிந்துகொண்டு வரைந்த கோடு அது.

யாழினி:

களிமண்கை அண்ணா, மரப்பட்டைக்குள் மணல் என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நன்றி.

ஓட்டுச்சில்லு, 2009 கட்டுரை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். கோட்டைத் தொட்டால் இன்ன ஸ்வரம் என்ற அர்த்தத்தில் அது இசைக் குறிப்பு இல்லை. அந்த வார்த்தையை இனி நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ‘வெளியாட்கள் கேட்கக் கேட்க வளர்ந்தது’ என்பதால் அது பொய் ஆகிவிடுமா? மரபு என்பது பெட்டியில் பூட்டிய நகை இல்லை. இன்றைய ஷிபிபோ பெண் தன் கோட்டையும் தன் பாட்டையும் சேர்த்துக் கட்டுகிறாள் என்றால், அந்தக் கட்டு இன்றைக்கு உண்மை. அவளுக்கு அந்த உரிமை இல்லை என்று 1985-க்கு முந்தைய நிலையைக் காட்டி நாம் சொல்லக் கூடாது.

பழைய காலத்திலும் பானையும் பாட்டும் அந்நியம் இல்லையே! ‘அனி ஷெயாத்தி’ என்ற திருவிழாவை நீங்கள் இருவரும் சொல்லவே இல்லை. அந்தப் பெயருக்கே ‘பெரிய குடி’ என்று பொருள். சிறுமிகள் பெரியவளாவதற்கான விழா. அந்தச் சாடிகள் நிறைய நிறையக் கள் வைத்து, அக்கம்பக்கத்து ஆற்றுக்கரை ஊர்களை எல்லாம் அழைத்து, நாள் கணக்கில் நடக்கும். அங்கே கைகோத்து வட்டமாக ஆடிப் பாடுவது ‘மாஷா’. பாட்டு பானையின் மேல் எழுதியிருக்கவில்லை, சரி. பானையைச் சுற்றி இருந்தது.

நதியோரன்:

முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வந்த திருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

யாழினி, அனி ஷெயாத்தியை அழகாகச் சொன்னீர்கள். அதன் நடுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தச் சிறுமிகளுக்கு முடி வெட்டுவார்கள். பெண்ணுறுப்பின் ஒரு பகுதியையும் வெட்டுவார்கள். அவர்களுக்குக் கள் கொடுத்து மயக்குவது அதற்காகத்தான். அந்த விழா 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அநேகமாக நின்றுபோனது. நின்றதற்கு நான் அழ மாட்டேன். மிகப் பெரிய சாடிகள் செய்வது குறைந்ததற்கும் அந்த விழா நின்றதற்கும் நேரான தொடர்பு உண்டு. அத்தனை கள் காய்ச்ச வேண்டாம் என்றான பிறகு அத்தனை பெரிய சாடி எதற்கு? ‘ஐயோ, அந்தக் கலை போச்சே’ என்று இங்கே உட்கார்ந்து ஏங்கும்போது, கூடவே எது போனது என்பதையும் தராசில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அலுமினியக் குண்டான். மண் பானையில் சமைக்கிற அருமையை நாம் பேசலாம். தண்ணீரும் விறகும் தூக்கி, சமையல் பானை உடைய உடையப் புதிதாகச் செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு, உடையாத ஒரு பாத்திரம் வந்தது பெரிய ஆறுதல். அதை அவள் வாங்கினாள். யாரும் அவள் தலையில் கட்டவில்லை.

மூன்றாவது சந்தை. லிமாவிலிருந்து புகால்பாவுக்கு 1943-ல் சாலை வந்தது. அதற்குப் பிறகு பயணிகள், வியாபாரிகள். துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறி மலையைத் தாண்டி லிமா போகலாம். சாடியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? 2000-ஐ ஒட்டி லிமாவின் கந்தகாயோவில் குடியேறிய ஷிபிபோ குடும்பங்கள் கெனேயைத் துணியில், மணிமாலையில், சுவரில் போட்டுத்தான் பிழைத்தார்கள். 2016 நவம்பரில் அந்தக் குடியிருப்பு தீப்பிடித்து எரிந்தது. அதன் பிறகும் எழுந்தது அந்தக் கோட்டால்தான். அங்கே களிமண் இல்லை, லிகானியா மரம் இல்லை, திறந்த வெளியில் விறகு அடுக்கிச் சுட இடமும் இல்லை. கோடு பானையை விட்டு இறங்கியதால்தான் பிழைத்தது. உள்ளங்கை அளவுக்கு ஆமையும் பறவையுமாகப் பயணிகளுக்குச் செய்து விற்கிறார்களே, அதைக் குறைவாகப் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது.

ஓட்டுச்சில்லு:

நதியோரன், உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. வெட்டுச் சடங்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் பதிவில் சாடியைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். பானை அழகாகவே இருக்கட்டும் என்ற ஆசை. அது சரியில்லை.

அலுமினியத்திலும் உங்களோடு நிற்கிறேன். சமையல் பானை போனதற்கு நான் வருந்தவில்லை.

ஆனால் ‘கோடு பானையை விட்டு இறங்கியதால்தான் பிழைத்தது’ என்பதை முழுதாக ஏற்க மாட்டேன். கோடு பிழைத்தது, சரி. பானை? அது கோட்டுக்குப் போட்ட சட்டை இல்லையே. மரப்பட்டை எது, எந்த வயதில் உரிக்க வேண்டும், எந்தக் கரை மண் எதற்கு ஆகும், கலவை போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது, இந்த அறிவு எல்லாம் கோட்டில் இல்லை. கையில் இருக்கிறது. பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்கு ஒரு தலைமுறை போகாவிட்டால் அருங்காட்சியகத்தில் எத்தனை சாடி இருந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. களிமண்கை பதினாறு வருஷ அனுபவத்தோடு முயன்று நாலு முறை தோற்றார், பாருங்கள்.

என் முதல் பதிவின் ஆத்திரமும் இதுதான். ‘இசை எழுதிய கோடு’ என்று சொன்னதும் வாங்குகிறவர் துணி வாங்கினாலே போதும் என்று ஆகிவிடுகிறது. பானைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கனமானது, உடைவது, அனுப்ப முடியாதது. அதற்கென்று யாராவது பேச வேண்டாமா?

நதியோரன்:

பேசுங்கள், நான் தடுக்கவில்லை. பேசும்போது ‘பேத்திகள் கற்கவில்லை’ என்று பழி அவர்கள் மேல் விழாமல் பேசுங்கள் என்கிறேன். ஒரு சாடிக்கு வாரக்கணக்கில் வேலை. மண் எடுப்பது, பட்டை எரிப்பது, காயப்போடுவது எல்லாம் சேர்த்து. அந்த நேரத்துக்கு ஈடான விலையைக் கொடுக்க ஆள் இருந்தால் கற்பாள். யாரினாகோச்சாக் கரையிலேயே மரோத்தி ஷோபோ என்று கைவினைப் பொருட்களைச் சேர்த்து விற்கும் இடம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு ‘விற்கும் வீடு’ என்று பொருள். சான் பிரான்சிஸ்கோ தெ யாரினாகோச்சா ஊரில் இன்றும் மண் பிசைகிறார்கள். செத்துப்போனதாக எழுத வேண்டாம்.

களிமண்கை:

இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள், ஒருவர் கரையிலிருந்து, ஒருவர் படகிலிருந்து. ஒன்று மட்டும் நதியோரனுக்கு. சின்ன ஆமைப் பொம்மையை நானும் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் உள்ளங்கைப் பொம்மை செய்யும் கைக்குப் பெரிய சாடி தானாக வராது. அடி இறுகும்வரை காத்திருப்பது, பெரிய சுவரின் கனத்தை அடுத்த வளையம் தாங்குமா என்று விரலால் உணர்வது, இவை பெரிய பானை செய்தால்தான் படியும். சின்னது செய்து பிழைப்பதும் பெரியது மறப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். யார் குற்றமும் இல்லை. நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

யாழினி:

நான் வெட்டுச் சடங்கை விட்டுவிட்டு விழாவைச் சொன்னதற்கு வருத்தம் தெரிவிக்கிறேன். மாஷா பாடிய அதே வட்டத்துக்குள் அதுவும் இருந்தது. இனி இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

ஓட்டுச்சில்லு, உங்கள் குடும்பக் குழுவில் அந்தத் தவறான வாசகம் இன்னும் அப்படியேதானே இருக்கிறது? அதை மாற்றி எழுதிப் போடுங்கள். இங்கே எழுதிக் காட்டுங்கள், நாங்கள் பார்க்கிறோம்.

ஓட்டுச்சில்லு:

எழுதிப் பார்த்தேன்: ‘இவர் ஷிபிபோ-கொனிபோ இனத்துப் பெண். பெரு நாட்டில் உகயாலி ஆற்றங்கரை இவர்கள் ஊர். இந்தக் கோலத்துக்குக் கெனே என்று பெயர். பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கள்ளுச் சாடியிலும் கிண்ணத்திலும் துணியிலும் வரைந்து வருவது. இது இசைக் குறிப்பு அல்ல.’

யாழினி:

கடைசி வரி வேண்டாம். அந்தப் பெண் காணொளியில் பாடிக்கொண்டிருக்கிறார். அவர் பாடும்போதே ‘இது பாட்டு அல்ல’ என்று நீங்கள் அடியில் எழுதினால் அவர் வாயை மூடுகிற மாதிரி இருக்கும். ‘இவர் தன் கோலத்தைப் பாட்டோடு சேர்த்துப் பார்க்கிறார்’ என்று போடுங்கள். அதில் பொய் இல்லை.

ஓட்டுச்சில்லு:

‘இவர்’ என்று இருப்பதால் ஒப்புக்கொள்கிறேன். ‘இந்த இனம்’ என்று இருந்தால் ஒப்ப மாட்டேன்.

களிமண்கை:

மரப்பட்டைச் சாம்பல் ஒரு வரி.

ஓட்டுச்சில்லு:

சேர்த்துவிட்டேன். ‘பானைக்கு மண்ணோடு மரப்பட்டைச் சாம்பல் கலந்து, சக்கரம் இல்லாமல் கையால் கட்டுவார்கள்’ என்று. உங்கள் சாடியின் படத்தையும் போட்டேன், பிளந்ததை.

குடும்பக் குழுவில் இருபது நிமிஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு எங்கள் பெரியம்மா கேட்டார்: ‘அந்தக் கோலம் போட்ட பானையில் தண்ணி ஊத்தி வைக்கலாமா? அடுப்பில் ஏத்தலாமா?’ களிமண்கை அண்ணா, என்ன சொல்ல?

களிமண்கை:

பிசின் பூசியதென்றால் தண்ணீர் வைக்கலாம் என்று சொல்லுங்கள். கள்ளே நின்றதே அதில். அடுப்பில் மட்டும் ஏற்ற வேண்டாம், பிசின் உருகிவிடும், கோடும் கருகும். அடுப்புக்கு அவர்களும் வேறு பானைதான் வைத்திருந்தார்கள், கோடு போடாதது.